பழைய ரேஸ் காரை லாரியில் ஏற்றி: கோவையிலிருந்து சென்னைக் கண்காட்சிக்கு

எங்கள் காரின் மூக்கில் ஒட்டுப்போட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. பந்தயத்தில் பட்ட அடி என்றுதான் பார்ப்பவர்கள் எல்லாம் நினைக்கிறார்கள். பந்தயங்களை எல்லாம் தாண்டி வந்த அந்த ஃபைபர், ஒரு சாயங்காலம் லாரியில் ஏற்றும்போது பலகை நழுவி உடைந்தது. இருட்டுவதற்குள் ஏற்றிவிட வேண்டும் என்று நாங்கள் பட்ட அவசரம்தான் காரணம். அதற்குப் பிறகு நான்கு நண்பர்களும் பலமுறை அந்தக் காரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறோம். நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றுதான்: பழைய ரேஸ் காருக்கு மிக ஆபத்தான இடம் லாரிக்குப் பின்னால் இருக்கும் அந்த இருபது அடி. இந்தக் கட்டுரையில் அந்த இருபது அடியைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன் என்றால் காரணம் அதுதான்.

எங்களுடையது மாருதி 800 எஞ்சின் வைத்த, ஒரே ஆள் உட்காரும் ஃபார்முலா கார். 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். வீட்டு வாசலில் நின்ற சின்னக் காரின் எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, நடுத்தர வசதியுள்ள பிள்ளைகளும் பந்தயம் ஓட்டலாம் என்ற நிலையை உண்டாக்கியவர் கோவையின் கரிவர்தன். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடங்கியதும் இந்த மாருதி வகை வண்டியில்தான். இப்படிப்பட்ட கார்கள் இன்று ஷெட் மூலைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால் தயவுசெய்து வெளியே கொண்டுவாருங்கள்.

ஒரு மாதம் முன்பே: காகிதங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி, "ஓட்டிக்கொண்டே போகலாமா?" என்பது. ஃபார்முலா காருக்குப் பதிவு எண்ணே கிடையாது. சாலையில் அதன் சக்கரம் படக்கூடாது. பழைய ஃபியட் 1100 போன்ற கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியவர்கள் உண்டு. அவர்களிடம் ஆர்.சி. இருக்கலாம். ஆனால் சைலன்சரைக் கழற்றி, உள்ளே இரும்புக்கூண்டு வைத்து, சீட்டை எல்லாம் பிடுங்கிய காரை அந்த ஆர்.சி. காப்பாற்றாது. லாரிதான் வழி.

50 வயது தாண்டிய, மாற்றம் எதுவும் செய்யாத கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி அதை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் மாநில எழுத்துக்குப் பிறகு 'வி.ஏ.' என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது.

எங்கள் கார் மாதிரி வண்டிகளுக்கு நான் கையில் வைத்திருப்பது: கண்காட்சி நடத்துபவர்கள் தந்த அழைப்புக் கடிதம், கார் என்னுடையது, விற்பனைக்குப் போகவில்லை என்று நான் கையெழுத்திட்ட கடிதம், வாங்கியபோது எழுதிய ரசீது, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் தெரியும் படங்கள். வழியில் நிறுத்துகிற அதிகாரி இதற்கு முன் இப்படி ஒரு வண்டியைப் பார்த்திருக்க மாட்டார். பொறுமையாகக் காட்டினால் முக்கால்வாசி நேரம் அவரே ஒரு படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். உங்கள் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டுமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

லாரியின் இன்சூரன்ஸ் லாரிக்குத்தான். மேலே இருக்கும் சரக்குக்கு அது பொறுப்பில்லை. போக்குவரத்துச் சரக்குக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் காரை நான்கு பக்கமும் தேதியோடு படம் பிடித்து வையுங்கள்.

கிளம்பும் வாரம்: காரைத் தயார் செய்தல்

டேங்கை வடித்துவிடுங்கள். பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் உள்ளே இருக்கும் வாஷர்களையும் ஊதவைத்து விரிசல் விடவைக்கும். மூன்று மாதம் தேங்கிய பெட்ரோலோடு போய், கண்காட்சி அன்று காலையில் குழாய் ஒழுகுவதைக் கண்டுபிடித்த நண்பர் எங்களுக்கு உண்டு. பெட்ரோல் குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். இரண்டு அடி கூடுதலாகவும், கிளிப் ஒரு கைப்பிடியும் பெட்டியில் போடுங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டிய இரண்டு லிட்டரை அங்கே போய் ஊற்றிக்கொள்ளலாம்.

பேட்டரி வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றுங்கள். கண்ணாடி, மூக்கு, பின் இறக்கை, எஞ்சின் மூடி என்று கழற்றக்கூடியது எல்லாவற்றையும் கழற்றிப் பழைய மெத்தையில் சுற்றி, பின்னால் வரும் காரில் வையுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் இதற்கென்றே ஒரு ஆள். அவன் இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை.

ஏற்றுதல்

லாரி பிடிக்கும்போது "கார் ஏத்தணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தரைக்கும் காரின் அடிவயிற்றுக்கும் இடையே இரண்டு விரல்கடை கூட இல்லாத கார் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஓட்டுநரை ஷெட்டுக்கு வரவழைத்துக் காட்டிவிடுங்கள். கூரையுள்ள ஃபியட் மாதிரிக் காருக்கு, தளம் சாயும் ரெக்கவரி வண்டி போதும். ஃபார்முலா காருக்கு மூடிய பாடி உள்ள ஐச்சர் வண்டி நல்லது. மழையும் தூசியும் படாது, வழியில் கூட்டமும் கூடாது. உள்ளே தரையில் கட்டு வளையங்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். வளையம் இல்லாத வண்டி வேண்டாம்.

இனி கணக்கு. லாரித் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. பத்து அடிப் பலகையைச் சாய்த்தால் இருபது டிகிரிச் சரிவு வரும். மூக்கைக் கழற்றாவிட்டால், முன்சக்கரம் ஏறுவதற்கு முன்பே அது பலகையில் முட்டும். தப்பித்து ஏறினாலும் உச்சியில் வயிறு தட்டும். இருபது அடி நீளம் இருந்தால் சரிவு ஏறத்தாழ பத்து டிகிரியாகக் குறையும். அவ்வளவு நீளப் பலகை ஒரே துண்டாகக் கிடைக்காது, கிடைத்தாலும் நடுவில் வளையும். ஆகவே பலகையை நீட்டுவதைவிட உயரத்தைக் குறைப்பதே புத்தி. மில்களிலும் குடோன்களிலும் சரக்கு ஏற்றும் திண்ணை இருக்கும். அங்கே லாரியைப் பின்னால் ஒட்டி நிறுத்தினால் காரைச் சமதரையில் தள்ளுவதுபோல் உள்ளே தள்ளிவிடலாம். திண்ணை இல்லாத ஊரில், மேட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் லாரியின் பின்சக்கரத்தை இறக்கி நிறுத்துங்கள். ஒன்றரை அடி தானாகக் குறையும். டிராக்டர் ஏற்றும் கிராமத்து ஆட்கள் காலங்காலமாகச் செய்வது இது. அவர்களிடம் கேட்டால் இடத்தையும் காட்டுவார்கள்.

பலகையின் மேல்நுனியில் கொக்கி வைத்து லாரித் தளத்தோடு பிணைத்த பிறகுதான் காரை நகர்த்த வேண்டும். நழுவுவது எப்போதும் மேல்நுனிதான், அதுவும் பின்சக்கரம் ஏறும்போது. எங்கள் கார் உடைந்தது இப்படித்தான்.

தள்ளும்போது கை எங்கே வைப்பது என்பதை எல்லோருக்கும் முதலிலேயே காட்டிவிடுங்கள். டயரில் வைக்கலாம், ஓட்டுநர் தலைக்குப் பின்னால் இருக்கும் வளைவுக் குழாயில் வைக்கலாம். கழற்றாமல் விட்ட இறக்கையிலோ கண்ணாடியிலோ ஃபைபரிலோ கூடாது. உதவிக்கு ஓடிவரும் அந்நியர்கள் நேராக இறக்கையைத்தான் பிடிப்பார்கள். "அண்ணா, அதைப் புடிக்காதீங்ணா, டயரைப் புடிங்க" என்று சொல்ல ஒருவர் பின்னால் நிற்கட்டும். ஸ்டீயரிங்கில் ஒருவர் உட்கார வேண்டும். குரல் கொடுப்பது ஒரே ஆள். இரண்டு பேர் "வா வா", "நில்லு" என்று கத்தினால் நடுவில் கார் நிற்கும். இந்த வகைக் காரில் பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் இருக்காது. கட்டையோடு ஒருவர் சக்கரத்தின் பின்னாலேயே நடந்து வந்து, நிற்கும்போதெல்லாம் செருகட்டும். காருக்குக் கீழ்ப்பக்கம், சரிவின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம்.

பகலில் ஏற்றுங்கள். மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டுமானால் முந்தின நாள் மதியமே ஏற்றிவிடுங்கள்.

கட்டுதல்

கயிறு வேண்டாம். வழியில் இளகும். ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) நான்கு, கூடுதலாக இரண்டு. டயரின் மேல் போட்டு இருபுறமும் தளத்து வளையத்தில் இழுப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. கார் தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், சக்கரம் நகராது. அது அமையாவிட்டால் சேஸிஸ் குழாயில் சாக்குத்துணி சுற்றி அதன்மேல் கட்டுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, குறுக்காக. சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய முக்கோணக் கம்பிகளில் மட்டும் பெல்ட் போடாதீர்கள். அவை நீளவாக்கில் வரும் பளுவுக்காகச் செய்தவை; குறுக்கே இழுத்தால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். வளைந்தது தெரியாமல் அடுத்த முறை யாராவது வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கியரில் விட்டிருக்கிறோம் என்று நம்பாதீர்கள். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கட்டையைத் தளத்தில் ஆணி அடியுங்கள். மரத் தளமாக இருந்தால் ஓட்டுநர் மறுக்க மாட்டார். திறந்த லாரியாக இருந்தால் முதலில் மெல்லிய பருத்தித் துணி, அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாய் நேரே காரில் பட்டால் ஐந்நூறு கிலோமீட்டரும் காற்றில் படபடத்து, உப்புத்தாள் போட்டதுபோல் பெயிண்டைத் தேய்த்துவிடும்.

வழி

கோவையிலிருந்து சென்னைக்குச் சேலம் வரை ஒரே பாதை. அதன்பின் ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகப் போகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகவும் போகலாம். இரண்டும் ஏறத்தாழ 500 கி.மீ. நாங்கள் இரண்டாவதையே எடுப்போம். ஸ்ரீபெரும்புதூருக்கு நேராக வந்து இறங்குவதால் நகருக்குள் நுழையாமலே இரவு தங்கலாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமும் அங்கேதான் இருக்கிறது.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள். முதல் நிறுத்தம் கருமத்தம்பட்டி, டீக்காக மட்டும் இல்லை. கட்டிய பெல்ட் எல்லாம் முதல் முப்பது கிலோமீட்டரில்தான் படிந்து இளகும். ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்து, ராட்செட்டை இரண்டு பல் இறுக்குங்கள். அடுத்து பவானி தாண்டிச் சங்ககிரி. லாரித் தொழில் ஊர் என்பதால் எந்த நேரத்திலும் டயர்க்காரரும் பட்டறையும் கிடைக்கும். லாரியில் ஏதாவது சத்தம் கேட்டால் சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் இங்கேயே காட்டிவிடுங்கள்.

சேலம் தாண்டினால் தொப்பூர் கணவாய். போகும்போது அது ஏற்றம், மெதுவாக ஏறிவிடலாம். பயப்பட வேண்டியது திரும்பி வரும்போது. தருமபுரிப் பக்கத்திலிருந்து இறங்கும் அந்த இரட்டைப் பாலச் சரிவில் பிரேக் சூடேறி நிற்காமல் போன லாரிகள் எத்தனையோ. ஓட்டுநரிடம் முன்னாடியே சொல்லுங்கள்: "அண்ணா, தொப்பூர்ல அவசரமே இல்லீங்க, சின்னக் கியர்லயே எறக்கிக்கலாம்." இறங்குவதற்கு முன் மேலே நிறுத்தி டீ குடித்து, பெல்ட்டை இன்னொரு முறை பாருங்கள். களைத்துப்போன ஓட்டுநர் நடுஇரவில் அந்தச் சரிவை இறங்கும்படி பயணத்தை அமைக்கவே கூடாது.

மதியச் சாப்பாடு ஆம்பூரில். வேறெங்கும் நிறுத்த எங்களுக்கு மனம் வருவதில்லை. ஆனால் எல்லோரும் ஒன்றாக பிரியாணிக்கு உட்காராதீர்கள். இரண்டு பேர் வண்டியோடு இருந்து, அவர்கள் முறை பிறகு வரட்டும். வாலாஜாபேட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலை விரிவாக்கம் பல ஆண்டுகள் இழுத்த பகுதி. மாற்றுப்பாதையும் திடீர் மேடுகளும் வரும் என்று எண்ணியே ஓட்டச் சொல்லுங்கள்.

லாரி 60ஐத் தாண்ட வேண்டாம். நண்பர்களில் ஒருவர் லாரி கேபினில், மற்றவர்கள் பின்னால் காரில். நூறு மீட்டர் இடைவெளி விட்டு, தார்ப்பாயோ கதவோ அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். கேபினில் இருப்பவரின் வேலை ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருப்பது; அவர் தூங்கிவிடக் கூடாது. பணத்தை ஒருவரே வைத்துக்கொண்டு செலவை எழுதட்டும்.

ஓட்டுநரைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் ஓட்டலில் அறை எடுத்துத் தூங்க, அவர் கேபினில் கால் மடக்கிக் கிடப்பது வழக்கமாகிப்போயிருக்கிறது. செய்யாதீர்கள். அவருக்கும் ஒரு கட்டில், அதே சாப்பாடு. அன்றிரவு லாரிக்கு உங்களில் ஒருவர் காவல் இருங்கள். நம் காரின் உயிர் அவர் கண்ணில் இருக்கும் தூக்கத்தை நம்பித்தான் இருக்கிறது.

சென்னைக்குள் சரக்கு லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி நடத்துபவர்களிடம் அந்த இடத்துக்கு எந்த நேரத்தில் லாரி வரலாம் என்று கேட்டு, பெரும்பாலும் விடியுமுன்பே உள்ளே போய்விடுங்கள். அதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: இறக்குவதற்குத் திண்ணை அல்லது மேடு இருக்கிறதா? ஒருமுறை "எல்லாம் இருக்குங்க" என்ற பதிலை நம்பிப் போய், பூப்போட்ட புல்தரை மட்டும் இருந்த இடத்தில் மூன்று மணி நேரம் நின்றோம். இப்போதெல்லாம் படம் அனுப்பச் சொல்லிவிடுகிறோம். பலகையை எப்படியும் கூடவே எடுத்துப் போங்கள்.

கண்காட்சியில்

எஞ்சினுக்கு அடியில் ஒரு ட்ரே, அதில் அட்டை. பழைய எஞ்சின் நான்கு சொட்டாவது விடும்; பிறர் தரையைக் கறையாக்கினால் அடுத்த ஆண்டு அழைப்பு வராது. தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, எந்த ஆண்டுக் கார், என்ன எஞ்சின், எங்கே ஓடியது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தெரியாததை அழகுக்காகச் சேர்க்காதீர்கள்.

சுற்றிலும் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளை உட்காரவிடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, கையைப் பிடித்து, சீட்டின்மேல் காலை வைத்து இறக்க வேண்டும். அடித்தகட்டில் நிற்கக் கூடாது. பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், புகைக்குழாய் ஆறியிருக்க வேண்டும். ஒரு பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வாயால் சத்தம் எழுப்பும் அந்த அரை நிமிடத்துக்காகவே ஐந்நூறு கிலோமீட்டரும் வரலாம்.

ஸ்டார்ட் செய்யும் நேரத்தை எழுதி வையுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். முதலில் இக்னிஷன் இல்லாமல் சுழற்றி ஆயில் அழுத்தம் முள் ஏறுகிறதா என்று பாருங்கள், பிறகே உயிர் கொடுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்கும். சூடேறும்வரை மிதிக்காதீர்கள். பின்னால் ஆள் நிற்க வேண்டாம், கைக்குழந்தை வைத்திருப்பவர்களை முன்கூட்டியே தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

சென்னைக் கண்காட்சியில் உங்களைத் தேடி வயதானவர்கள் வருவார்கள். சோழவரம் பார்த்தவர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், வைக்கோல் கட்டுக்களுக்குப் பின்னால் நின்று பந்தயம் பார்த்த தலைமுறை அது. 1953இல் சென்னையில் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கிய காலத்திலிருந்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும்வரை சோழவரம்தான் எல்லாமும். அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். நாங்கள் எப்போதும் இரண்டு மடக்கு நாற்காலி கொண்டுபோவது அவர்களுக்காகத்தான்.

ஒருமுறை ஒரு பெரியவர் வெகுநேரம் எங்கள் காரின் பின்பக்கத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, கியர்பாக்ஸ் தாங்கியில் இருந்த ஒரு பற்றவைப்பைக் கட்டைவிரலால் தடவினார். "இது தடத்துல வச்சு அவசரத்துல அடிச்ச வெல்டிங் தம்பி. பட்டறையில இப்படி வராது" என்றார். பந்தய நாட்களில் பிட்டில் (தடத்தின் ஓரத்தில் கார்களைப் பழுது பார்க்கும் இடம்) வேலை பார்த்தவராம். நாங்கள் அதை அசிங்கமாக இருக்கிறது என்று அடுத்த மாதம் தேய்த்து, புதிதாகப் போடுவதாக இருந்தோம். அவர் அனுமதியோடு அரை மணி நேரம் போனில் பதிவு செய்தோம். உங்களிடம் பேசுபவர்களையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்தக் கார்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமல் அவர்கள் நினைவில் மட்டும் இருக்கிறது.

திரும்பியதும்

கண்காட்சி முடியும் இரவே கிளம்பலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். தூங்கி எழுந்து, பகலில் ஏற்றி, பகலில் தொப்பூரை இறங்குங்கள். ஊருக்கு வந்ததும் பெட்ரோலை மறுபடி வடித்து, கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்யுங்கள். பெல்ட்டுகளை விரித்துக் காயவைத்து, நூல் பிரிந்ததை அன்றே வெட்டிப் போடுங்கள். வைத்திருந்தால் அடுத்த முறை யாராவது அதைத்தான் எடுப்பார்கள். காரை ஜாக்கியில் ஏற்றி முக்கோணக் கம்பிகள், போல்ட்டுகள், அடித்தகடு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்து, எந்த பெல்ட் எந்த ஊரில் இளகியது என்பதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். எங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், போல்ட் பொட்டலம் கட்டும் நண்பன் எழுதிய வரி ஒன்று இருக்கிறது: "கியர்பாக்ஸ் வெல்டிங் - தேய்க்கக் கூடாது."